தூங்கும் குழந்தைக்குக் காது கேட்கிறதா?

தட்டைத் தரையில் போட்டுப் பார்ப்பது வீட்டுச் சோதனை. குழந்தை திடுக்கிட்டால் "கேக்குதுங்க" என்று முடிவு. தரை அதிர்ந்ததற்கும் அது திடுக்கிட்டிருக்கலாம். தட்டுச் சத்தம் எட்டும் காதுக்குத் தாயின் பேச்சு எட்டாமலும் போகலாம்.

மருத்துவமனையில் எப்படிப் பார்க்கிறார்கள்? உட்காதின் காக்ளியாவில் உள்ள ரோம செல்கள், ஒலி பட்டதும் தாமும் அதிர்ந்து மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்பும். ஆம், காது சத்தமும் போடும்! 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் இதை வெளியிட்டார். தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையைச் செருகினால், கருவி 'டிக் டிக்' என்று ஒலித்து, பதில் ஒலிக்குக் காத்திருக்கும். ஊசியில்லை, வலியில்லை, சில நிமிட வேலை. பிறந்த ஓரிரு நாளில் காதுக்குள் ஈரம் இருந்தால் பதில் வராமல் போகலாம். பதற வேண்டாம், மறுபடி பார்க்க வேண்டும். தீவிர சிகிச்சையில் இருந்த, கடும் மஞ்சள் காமாலை கண்ட குழந்தைகளுக்குச் செவி நரம்பையும் சோதிக்கும் 'பெரா' அவசியம்.

ஏன் அவசரம்? மூளையின் பேச்சுப் பாதைகள் முதல் சில ஆண்டுகளில் ஒலி கேட்டே உருவாகின்றன. "இவங்கப்பனே மூணு வயசுக்குத்தானுங்க பேசுனான்" என்று அப்பத்தா தேற்றுவதில் போவது அந்தக் காலம்தான். 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலக வழக்கு. பரம்பரையாக வரும் காது கேளாமைக்கு வாய்ப்பு அதிகம் என்பதால், சொந்தத்தில் மணமுடித்தவர்கள் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது.

உட்காதில் பொருத்தும் காக்ளியர் கருவி தேவைப்பட்டால், தகுதியுள்ள குடும்பங்களின் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. கோவை பீளமேட்டில் எந்த மருத்துவமனையில் பிரசவம் நடந்தாலும், டிஸ்சார்ஜுக்கு முன் கேளுங்கள்: "காது டெஸ்ட் எடுத்தாச்சுங்களா?"