மூணாவது கட்டில்!

“ஹாஸ்டலா, வெளியில ரூமா தம்பி? சீக்கிரம் சொல்லு, பின்னாடி ஆள் நிக்குது!”

அட்மிஷன் கவுன்ட்டரில் இப்படி ஒரு கேள்வி வரும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சீட் கிடைத்த சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்த நான், அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் “ரூம்தான் சார்” என்றேன். யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம் ரெண்டு செகண்ட். அதைச் சரிசெய்ய ஒரு வருஷம் ஆச்சு!

டிப்ளமோ முடித்துவிட்டு நேராக பி.இ. ரெண்டாம் வருஷத்தில் குதிக்கிற லேட்டரல் என்ட்ரி பார்ட்டிகளுக்குத்தான் இந்தக் கட்டுரை. பி.எஸ்ஸி. முடித்து இதே ரூட்டில் வருகிறவர்களும் ஜாயின் பண்ணிக்கலாம். மற்றவர்களும் படியுங்கள் பாஸ்... உங்கள் ரூமுக்குள் பெட்டியோடு வந்து முழிக்கப்போகிறவன் மனசில் என்ன ஓடுகிறது என்று தெரியும்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2012. அப்போதெல்லாம் லேட்டரல் கவுன்சலிங் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் நேரில் நடக்கும். ராத்திரி பஸ் பிடித்து, விடிகாலையில் இறங்கி, டீக்கடையிலேயே முகம் கழுவிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். (இப்போது ஆன்லைன். முகம் கழுவாமலே சாய்ஸ் கொடுக்கலாம்!) எங்கள் பாலிடெக்னிக் செட்டில் நாலு பேருக்கு ஒரே கல்லூரி. அப்புறம் என்ன... மளிகைக் கடை மாடியில் ஒரு போர்ஷன், நாலு பாய், ஒரு கேஸ் அடுப்பு, தினம் தக்காளி சாதம். ராத்திரி ரெண்டு மணி வரை சினிமா. ‘இதுதாண்டா லைஃப்’ என்று இருந்தோம்.

மூணாவது செமஸ்டர் கணக்குப் பேப்பர் வந்து அந்த லைஃப் மேல் லாரியை ஏற்றியது.

விஷயம் என்னவென்றால், டிப்ளமோவில் கணக்கு முதல் வருஷத்தோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் ரெண்டு வருஷம் மெஷின், ஒர்க்‌ஷாப், டிராயிங். இங்கே ரெகுலர் பசங்க எம்-1, எம்-2 என்று ரெண்டு பேப்பர் எழுதி, இன்டக்ரேஷனைச் சுடச்சுடக் கையில் வைத்திருப்பார்கள். நமக்கு அந்த ரெண்டு பேப்பரும் கிடையாது என்று லாட்டரி அடித்த மாதிரி நாம் கொண்டாடுவோம். அப்போதுதான் ‘டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ்’ எதிரே வந்து நிற்கும். ஃபோரியர் சீரிஸ் வகுப்பில் சார் ஒரு இன்டக்ரேஷனை, “இது உங்களுக்குத் தெரிஞ்சதுதானே” என்று ஒரே வரியில் தாண்டினார். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். ரூமுக்கு வந்து மூணு பேரிடம் கேட்டால், மூணு பேரும் திருப்பி என்னைக் கேட்டார்கள்!

அதே ராத்திரிகளில், நாலு கிலோமீட்டர் தள்ளி ஹாஸ்டலில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பதினோரு மணிக்கு மேல் காரிடாரில் ஒருத்தன் சட்டைகூடப் போடாமல் உட்கார்ந்து அஞ்சு பேருக்கு எம்-3 நடத்துவான். எந்த சார் இன்டர்னலுக்கு எந்த யூனிட்டில் கைவைப்பார், ரெக்கார்டில் எந்த மேடம் அண்டர்லைன் வரை பார்ப்பார், எந்த ஜெராக்ஸ் கடையில் யாருடைய நோட்ஸ் கிடைக்கும்... இதெல்லாம் நோட்டீஸ் போர்டில் வராது. மெஸ் க்யூவில் வரும், பாத்ரூம் வாசலில் வரும். லேட்டரலுக்கு இல்லாமல் போகிற அந்த முதல் வருஷத்தைக் கொஞ்சமாவது திருப்பித் தருகிற இடம் ஹாஸ்டல்தான்.

ரிசல்ட் வந்தது. நாலு பேரில் மூணு பேருக்குக் கணக்கு அவுட். அதில் நானும் ஒருத்தன். வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவன் சொன்னான், “பேசாம ஹாஸ்டலுக்கு வந்துடு மச்சி. எங்க ரூம்ல மூணாவது கட்டில் ஜூலையிலேர்ந்து காலியாத்தான் கெடக்கு.”

அந்தக் கட்டிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ரெண்டாம் வருஷத்துக்கு யார் யாரோடு ரூம் என்பதை ரெகுலர் பசங்க முதல் வருஷக் கடைசியிலேயே பேசி முடித்துவிடுவார்கள். லேட்டரல் அட்மிஷன் முடிந்து நாம் போய் நிற்கும்போது வார்டன் கையில் இருப்பது மிச்சம் மீதிதான். யாரோ டிஸ்கன்டினியூ பண்ணிய இடம், பாத்ரூமை ஒட்டிய ரூம், இல்லையென்றால் ரெண்டு நண்பர்கள் இருக்கிற ரூமில் ஒரு கட்டில். அதுவும் கதவுப் பக்கம், துணிக்கொடிக்குக் கீழே. முதல் வாரம் அவர்கள் ஃபர்ஸ்ட் இயர் கதை பேசிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், ரெண்டு செகண்ட் லேட்டாக! ‘மாடி ரூமே தேவலை’ என்று போர்வைக்குள் நினைத்துக்கொண்ட ராத்திரிகள் உண்டு.

நிலைமையை மாற்றியது மெஷின்ஸ் லேப். டி.சி. ஷன்ட் மோட்டாருக்கு கனெக்‌ஷன் கொடுக்கச் சொன்னால், ரெகுலர் பசங்க சர்க்யூட் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். டிப்ளமோ ட்ரிபிள்-ஈ படித்தவனுக்கு அது பழகிய வேலை. ஸ்டார்ட் பண்ணும்போது ஃபீல்டு ரியோஸ்டாட் மினிமத்தில், ஆர்மச்சர் ரியோஸ்டாட் மேக்ஸிமத்தில்... கை தானாகப் போகும். அன்று ராத்திரியே டீல் போட்டோம். அவர்கள் எனக்கு இன்டக்ரேஷன், நான் அவர்களுக்கு லேப் வைவா! அடுத்த பரீட்சையில் அரியர் க்ளியர்.

அதனால் என் ஓட்டு ஹாஸ்டலுக்கு. குறைந்தபட்சம் முதல் ரெண்டு செமஸ்டருக்காவது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஃபார்மில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

ஃபேன், பாத்ரூம், வைஃபை எல்லாம் அப்புறம். முதலில், “யார்கூட சார் ரூம் போடுவீங்க?” என்று கேளுங்கள். வேலை சுலபம் என்று லேட்டரல் பசங்களை மொத்தமாக ஒரே ரூமில் தள்ளிவிடுகிற வார்டன்கள் உண்டு. நமக்கும் அது ஜாலியாகத்தான் இருக்கும். ஆனால், அது ஹாஸ்டல் ஃபீஸ் கட்டி நடத்துகிற மாடி ரூம்! “ரெகுலர் பசங்க ரூம்ல இடம் இருந்தா குடுங்க சார்” என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். உங்கள் டிபார்ட்மென்ட்டில் போன வருஷம் லேட்டரலில் வந்த அண்ணனையோ அக்காவையோ தேடிப் பிடித்தால் இன்னும் நல்லது. எந்த ரூமில் படிப்பார்கள், எந்த ரூமில் சீட்டு ஓடும் என்று ஜாதகமே வைத்திருப்பார்கள்.

‘செகண்ட் இயர்ல சேர்றோம், நம்மள யாரு ராகிங் பண்ணப்போறா’ என்று தோன்றும். வகுப்புத் தோழனே ‘டேய் டிப்ளமோ’ என்று கூப்பிடுவான். கேலியோடு நின்றால் சரி. அதைத் தாண்டினால் இதை ஞாபகம் வையுங்கள். யு.ஜி.சி.யின் 2009 ராகிங் தடுப்பு விதிமுறைகளில், ஒரு கல்லூரியில் சேர்ந்து அங்கே தன் முதல் ஆண்டைப் படிக்கிறவர்தான் ஃப்ரெஷர். அந்தக் கணக்கில் நீங்களும் ஃப்ரெஷர்தான்! 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு தமிழ்நாட்டில் வந்த 1997-ம் ஆண்டுச் சட்டப்படி, ராகிங்குக்கு 2 வருஷம் வரை ஜெயில். உதவி எண் 1800-180-5522. போனில் இப்போதே சேவ் பண்ணிவிட்டு மேலே படியுங்கள்.

அடுத்தது காசு. மெஸ்ஸில் ‘டிவைடிங் சிஸ்டமா’ என்று விசாரியுங்கள். மாதச் செலவைச் சாப்பிட்டவர்கள் எல்லோருக்கும் பங்கு போடுகிற முறை அது. தக்காளி விலை ஏறிய மாதம் பில்லும் ஏறும். ஊருக்குப் போகிற நாட்களைக் கழிப்பார்களா, தொடர்ந்து எத்தனை நாள் இல்லாமல் இருந்தால் கழிப்பார்கள், முன்கூட்டியே எழுதித் தர வேண்டுமா? வாராவாரம் சனிக்கிழமை பஸ் ஏறுகிற கேஸ் என்றால் இதில்தான் காசு கரையும். நடுவில் காலி பண்ணினால் எந்தப் பணம் திரும்பும் என்பதையும் சேரும்போதே கேட்டுவிடுங்கள். காலி பண்ணும்போது கேட்டால் பதிலின் தொனியே வேறு!

வெளியில் ரூம்தான் சரி என்கிறவர்களும் இருக்கிறார்கள். சாயங்காலம் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களுக்கு ஹாஸ்டல் கேட் டைம் ஒத்துவராது. கம்பெனியில் நாலு வருஷம் இருந்துவிட்டுப் படிக்க வந்த அண்ணன்களுக்கு ராத்திரி அட்டெண்டன்ஸ் கடுப்படிக்கத்தான் செய்யும். ஓனர் பத்து மாச அட்வான்ஸ் கேட்டால், 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தை எடுத்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத பட்சத்தில், மூணு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது அது. அந்த ‘வேறு மாதிரி’யில்தான் சூட்சுமம். அக்ரிமென்ட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ‘சொந்த ஊர் எது, அங்க எந்தத் தெரு’ என்று சுற்றிவளைத்து ஜாதி கேட்கிற ஓனரும் உண்டு. வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் படி இறங்கிவிடுங்கள்.

தோழிகளே, தனியார் லேடீஸ் ஹாஸ்டல் பார்த்தால் கலெக்டர் கொடுத்த லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். 2014-ல் வந்த பெண்கள், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி அது கட்டாயம். “அப்ளை பண்ணியிருக்கோம்மா” என்று இழுத்தால் அடுத்த ஹாஸ்டலைப் பாருங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால், கொஞ்சம் தள்ளியிருந்தாலும் நல்ல இடமாகத் தேடலாம்.

பணம்தான் பிரச்னை என்றால் அரசு விடுதிகள் இருக்கின்றன. ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகள் நடத்துகிற இவற்றுக்கு 2025 ஜூலையில் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாற்றம் அறிவித்தார்கள். தங்க இடமும் சாப்பாடும் இலவசம். பெற்றோர் வருமானத்துக்கு வரம்பு உண்டு. பிற்படுத்தப்பட்டோர் விடுதி என்றால் வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். பெண்களுக்கு அந்த தூரக் கணக்கு இல்லை. சீட் உறுதியான அன்றைக்கே வருமானச் சான்றிதழுக்கும் ஜாதிச் சான்றிதழுக்கும் அலைய ஆரம்பித்துவிடுங்கள்.

அப்புறம், மறக்காமல் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீள ஒயராகப் பார்த்து! மூணாவது கட்டில் எங்கே கிடந்தாலும் ஸ்விட்ச் போர்டு எதிர்ச் சுவரில்தான் இருக்கும்.