பரணில் தூங்கிய பை!

எங்கள் ஊர் சீவலப்பேரி. இதை வெளியூரில் சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. 1994-ல் நெப்போலியன் நடித்து 'சீவலப்பேரி பாண்டி' படம் வந்தாலும் வந்தது, ஊர்ப் பேரைச் சொன்னதும் எதிரே இருப்பவர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. கையிலிருக்கும் பையைத்தான் பார்க்கிறார், உள்ளே நீளமாக ஏதாவது இருக்கிறதா என்று!

பி.காம். முடித்துவிட்டுச் சென்னைக்குக் கணக்கெழுதப் போன புதிதில், அம்மா கொடுத்தனுப்பிய முருங்கைக்காய் பேப்பரில் சுற்றியபடி என் பையிலிருந்து ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருந்தது. ரூம் நண்பர் அன்று முழுக்க என்னை 'சார்' போட்டுக் கூப்பிட்டார். மறுநாள் சாம்பார் வைத்த பிறகுதான் 'டா'வுக்கு இறங்கி வந்தார்.

இப்பேர்ப்பட்ட ஊர்க்காரன், ஆபத்துக்கு உதவும் என்று ஒரு பை தயார் பண்ணினால் என்ன ஆகும்? பண்ணினேன் சார். 2023 கோடையில், ராத்திரி தூக்கம் வராமல் யாரோ வெள்ளைக்காரர் காட்டில் தனியாகப் பிழைக்கும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்ததன் விளைவு. ராணுவப் பச்சையில், எட்டு ஜிப் வைத்த முதுகுப்பை. உள்ளே பத்து மீட்டர் கயிறு, மடக்குக் கத்தி, தீ மூட்டுகிற கல், தூண்டில் முள், திசைகாட்டி. சீவலப்பேரியிலிருந்து பாளையங்கோட்டைக்குக் கண்ணை மூடிக்கொண்டு போய்வருகிறவனுக்குத் திசைகாட்டி எதற்கு என்று அப்போது தோன்றவில்லை. அரிசிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஆறு கிலோ இருநூறு.

முதல் நாள் கண்டக்டர், "என்ன அண்ணாச்சி, பொதிகை மலைக்கா போறீய? மூட்டைக்குத் தனி டிக்கெட் போடணுமே" என்றார். இரண்டாம் நாள் வழியில் போலீஸ் சோதனை. பஸ்ஸில் நாற்பது பை இருக்க, என் பையைத்தான் கூப்பிட்டார்கள். கத்தியை எடுத்து வைத்துக்கொண்டு "எந்த ஊரு?" என்று கேட்டார் ஏட்டையா. சொன்னேன். அதற்கப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டாம், எழுதுகிறவனுக்கும் மானம் இருக்கிறது. மூன்றாம் நாள், நான் கணக்கெழுதும் கடை முதலாளி, "வேலையை விட்டுப் போறதா இருந்தா ஒரு மாசம் முன்னாடியே சொல்லிருங்க தம்பி" என்றார். நாலாம் நாள் பை பரணேறியது.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, அது அங்கேதான் தூங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு மார்கழி முதல் தேதி. பொங்கல் ஸ்டாக் கணக்குப் பார்க்க முதலாளி வரச் சொல்லியிருந்தார். காலையிலேயே மழைதான். மழைக்குப் பயந்தால் கணக்கு முடியுமா? கிளம்பும்போது அம்மா, "எய்யா, பிரஷர் மாத்திரை நேத்தோட முடிஞ்சுது. வரும்போது மறக்காம வாங்கிட்டு வா" என்றாள். மறக்கவில்லை. மத்தியானமே ஒரு மாதத்துக்கான அட்டைகளை வாங்கிப் பேன்ட் பாக்கெட்டில் செருகிக்கொண்டேன். சாயங்காலம் பார்த்தால் பஸ் இல்லை. ஆட்டோ இல்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். அணைகளைத் திறந்துவிட்டதாகப் பேச்சு. எங்கள் ஊரோ தாமிரபரணியோடு சிற்றாறு வந்து சேருகிற இடம். ஒரு ஆறு கோபித்துக்கொண்டாலே தாங்காது.

போனில் சார்ஜ் பதினொரு சதவீதம். அம்மாவுக்கு இரண்டு முறை அடித்தேன், லைன் கிடைக்கவில்லை. மூன்றாவது முறை போனே போய்விட்டது.

அன்று ராத்திரி ஒரு கல்யாண மண்டபத்தில் அறுபது எழுபது பேர் ஒதுங்கினோம். மார்கழி என்பதால் மண்டபம் காலி. கரண்ட் கிடையாது. ஈர பேன்ட்டோடு தூணில் சாய்ந்திருந்தபோது பக்கத்தில் ஒரு சின்ன வெளிச்சம். அறுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர், மஞ்சப்பை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஏதோ கல்யாணத் தாம்பூலப் பை. மணமக்கள் பேர் சுத்தமாக அழிந்து, 'நல்வரவு' மட்டும் மிச்சம்.

அதற்குள்ளிருந்து முதலில் ஒரு சாரம் வந்தது (மற்ற ஜில்லாக்காரர்களுக்கு: கைலி). ஈர வேட்டியை மாற்றிக்கொண்டார். பிறகு ஒரு துண்டு, விரல் நீள டார்ச், ஊக்குகள் கோத்த நூல்கண்டு, அரை லிட்டர் தண்ணீர், பொட்டலத்தில் கருப்பட்டி. எல்லாமே கழுவிக் காயவைத்த பால் கவர்களுக்குள், வாய் மடித்து ரப்பர் பேண்ட் போட்டு. நான் 'வாட்டர் ப்ரூஃப்' என்று இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கிய சமாசாரம், அவர் வீட்டில் தினமும் காலையில் பாலோடு இலவசமாக வந்துகொண்டிருந்தது!

"மழைன்னு தெரிஞ்சு எடுத்துட்டு வந்தீங்களா அண்ணாச்சி?"

"இது தினம் வாரது தம்பி. கருப்பட்டி யாவாரம். வாரத்துல நாலு நாளு பஸ்ஸுலதான் பொழப்பு. 92 வெள்ளத்துல ரெண்டு நாளு ஒரு வீட்டு மச்சுல மாட்டிக்கிட்டேன். அன்னைக்கு எங்கிட்ட இருந்தது ஒரு லாட்டரிச் சீட்டும் ஒரு சீப்பும்தான். சீட்டும் விழல."

கருப்பட்டியில் ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தார். பிறகு தன் பட்டன் போனை நீட்டினார். அதில் இன்னும் மூன்று கட்டம் சார்ஜ். "இப்போ டவர் ஒரு கோடு காட்டுது. வீட்டுக்குப் பேசிருங்க. நம்பர் சொல்லுங்க, நான் போடுதேன்."

நம்பர்?

வாசகர்களே, இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு உங்கள் வீட்டு நம்பரை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எனக்கு வரவில்லை. பத்து வருஷமாக 'அம்மா' என்ற பேரைத் தொட்டுத்தான் பழக்கம். மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் என்னுடையது. ஏதோ குழப்பத்தில் அதையே சொல்லித் தொலைத்தேன். அவரும் போட்டுக் காதில் வைத்துக் கேட்டார். "இந்த ஆளு சுவிட்ச் ஆஃப் பண்ணி வச்சிருக்காராம் தம்பி" என்றார் கவலையாக.

"அந்த ஆள் நான்தான் அண்ணாச்சி."

சிரித்தோம். நான் கொஞ்சம் முன்னாலேயே சிரிப்பை நிறுத்திவிட்டேன். பாக்கெட்டில் மாத்திரை அட்டை குத்திக்கொண்டிருந்தது.

அதே ராத்திரி, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுபோனதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப் போய்விட்டது. சுமார் 800 பயணிகள். கொஞ்சம் பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். மீதிப் பேர் ஸ்டேஷனிலும் ரயிலிலுமாகச் செவ்வாய்க்கிழமை வரை கிடந்தார்கள். ஹெலிகாப்டரில் சாப்பாட்டுப் பொட்டலம் வருவதற்கு முன்னால், தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தவர்கள் பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள். அந்த 800 பேரும் காட்டுக்குச் சாகசம் பண்ணப் போனவர்கள் இல்லை. திங்கட்கிழமை ஆபீஸ் போக வேண்டும் என்று ஞாயிறு ராத்திரி வண்டி ஏறியவர்கள் அதில் எத்தனை பேரோ. உங்களையும் என்னையும் போல.

18-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். 2005 ஜூலை 26-ல் மும்பையையே முடக்கிப் போட்ட மழை, சாந்தாகுரூஸில் 94. கணக்குப் பிள்ளை புத்தி, ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை பால் வண்டியில் பாதியும் நடையில் பாதியுமாக ஊர் வந்து சேர்ந்தேன். எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வரவில்லை. அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டு பூசணிப்பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. மாத்திரை இல்லாமல் தலை சுற்றி, திங்கட்கிழமை இருட்டில் அடுப்படியில் விழுந்திருக்கிறாள். அக்கம்பக்கத்தில் யாரையும் கூப்பிடவில்லை. "நீ வந்துருவேன்னு இருந்தேன்யா" என்றாள். அவளுக்கும் என் நம்பர் தெரியாது. அவள் போனில் 1-ஐ அமுக்கினால் நான் வருவேன், அவ்வளவுதான். அந்தப் போனும் செத்துக் கிடந்தது.

மாவுக்கட்டு ஆறு வாரம் இருந்தது. பரணில் இருந்த ஆறு கிலோ இருநூறை அந்த வாரமே இறக்கினேன்.

இப்போது என்னிடம் இருப்பது, பழைய ஆபீஸ் பைக்குள் போகிற ஒரு சின்ன மஞ்சப்பை. மொத்தம் ஒரு கிலோவுக்குக் கீழே. இதில் நான் கறார். கனம் கூடினால் பை மூன்றாம் நாள் பரணேறிவிடும், அனுபவம் பேசுகிறது. கத்தி கித்தியெல்லாம் கிடையாது. மெட்ரோவில் பையை மெஷினுக்குள் விடுகிறார்கள், எங்கள் பக்கம் ஏட்டையாவே போதும்.

இருப்பதில் முக்கியமானது ஒரு காகிதம். அம்மா, அக்கா, எதிர்த்த வீடு, முதலாளி என்று நாலு நம்பர். கூடவே 112, ஆம்புலன்ஸ் 108, மாவட்ட வெள்ளக் கட்டுப்பாட்டு அறை 1077. என் ரத்த வகை. பால்பாயிண்ட் பேனாவில் எழுதி பால் கவருக்குள். அடுத்தது ரூபாய். நூறு, ஐம்பது, இருபது, பத்தாக ஐந்நூறு. கரண்டும் டவரும் போன ஊரில் க்யூஆர் அட்டை வெறும் கோலம்தான். ஐந்நூறு ரூபாய்த் தாளாக நீட்டினால் டீக்கடைக்காரர் நம்மைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்கு வெள்ளமே தேவலை!

பவர் பேங்க் உண்டு. பத்தாயிரம் என்று மேலே போட்டிருந்தால் போனுக்கு வந்து சேருவது சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். சும்மா கிடந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். டார்ச் தனியாக வேண்டும். போன் வெளிச்சத்தை நம்பினால் போனும் போகும் வெளிச்சமும் போகும். டார்ச்சில் ஒரு பேட்டரியைத் திருப்பிப் போட்டு வைத்திருக்கிறேன், பைக்குள் தானாக எரிந்து தீராமல் இருக்க. பிறகு ஒரு விசில். தொண்டை அரை மணி நேரத்தில் கட்டிக்கொள்ளும், விசில் கட்டிக்கொள்ளாது. மூன்று மூன்றாக ஊதினால் ஆபத்து என்று அர்த்தம். ஆனால் பஸ்ஸுக்குள் ஊதிப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். டிரைவர் வண்டியை நிறுத்தி, இறங்க வேண்டியவர் யார் என்று தேட ஆரம்பித்துவிட்டார்.

சாரம் ஒன்று. அதுவே துண்டு, போர்வை, உடை மாற்றும் மறைப்பு. உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு. பிளாஸ்திரி கொஞ்சம், காலில் சின்னக் கீறல் இருந்தாலும் ஒட்டி மூடாமல் வெள்ளத்தில் இறங்கக் கூடாது, எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வரும். சாப்பிட கோவில்பட்டி கடலைமிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், கைப்பிடிக்குள் ஒரு வேளைப் பசி அடங்கும்.

டோக்கியோவில் 2011 மார்ச் 11 பூகம்பத்தன்று பெரும்பாலான கட்டடங்கள் நின்றன, ரயில்தான் நின்றுபோனது. அதற்கே தலைநகர் வட்டாரத்தில் 50 லட்சம் பேருக்கு மேல் ராத்திரி வீடு போய்ச் சேர முடியவில்லை. 2013-லிருந்து, பணியாளர்களுக்கு மூன்று நாள் தண்ணீரும் சாப்பாடும் ஆபீஸிலேயே இருப்பு வைக்கச் சொல்கிறது அந்த ஊர்ச் சட்டம். முண்டியடித்து வீட்டுக்கு நடக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. நம் ஆபீஸ் மேஜை டிராயரில் என்ன இருக்கிறது? சீப்பு, காலாவதியான காலண்டர், போன தீபாவளி மிக்சர்.

காமர்ஸ் படித்தவன் இதில் சேர்க்க வேண்டியது ஒன்றுதான், இரட்டைப் பதிவு. பற்று எழுதினால் எதிரே வரவு எழுதியாக வேண்டும். என் பையில் ஒரு பொருள் ஏறினால் வீட்டில் அதன் ஜோடி இருக்கிறதா என்று பார்க்கிறேன். பையில் நம்பர் காகிதம் என்றால், அடுப்படிச் சுவரில் அதே நம்பர்கள் கொட்டை எழுத்தில். பையில் டார்ச் என்றால் அம்மா தலைமாட்டில் ஒரு டார்ச். மாத்திரை தீர்ந்த பிறகு வாங்குவது இப்போது கிடையாது. பத்து நாள் பாக்கி இருக்கும்போதே அடுத்த அட்டை வந்துவிடும், மேலதிகமாக ஒரு அட்டை சாமி படத்துக்குப் பின்னால். அம்மாவுக்கு என் நம்பர் மனப்பாடம். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒப்பிக்கச் சொல்வேன். பதிலுக்கு அவள் நம்பரை நான் ஒப்பிக்க வேண்டும், தப்பினால் அப்பளம் கட்.

மாசம் பிறந்தால் ஒன்றாம் தேதி கையிருப்புச் சோதனை. பவர் பேங்கைச் சார்ஜ் போட்டு, தண்ணீரை மாற்றி, நோட்டுகளை எண்ணி வைப்பேன். எல்லாம் சரியாக இருக்கும், கடலைமிட்டாயைத் தவிர. ஆறு வைத்தால் நாலுதான் தேறுகிறது.

"ரெண்டு குறையுதே?" என்றேன் போன மாதம்.

"எலிய்யா" என்றாள் அம்மா, வாயைத் திறக்காமல்.