இழுத்தது தள்ளும் இடம்

பல்லடம் வழியாகப் போகும் சாலைகளில் இழுவை வண்டிகளுக்குக் குறைவில்லை. கேத்தனூர், பூளவாடிப் பக்கத்துக் காற்றாலைகளுக்கு இறக்கை ஏற்றிவரும் நீண்ட டிரெய்லர்கள், பனியன் பெட்டிகளோடு தூத்துக்குடி போகும் கன்டெய்னர்கள், தண்ணீர் டேங்க் கோத்த டிராக்டர்கள். இவற்றில் பெரும்பாலானவை மலை ஏற வேண்டியதே இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழி விட்டிருக்கிறது. ஆடிக்காற்று புகுந்து வரும் அதே வழியில்தான் கேரளா போகும் லாரிகளும் பெரிய ஏற்றமில்லாமல் போய்விடுகின்றன.

மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு போனால் கணக்கு மாறிவிடும். அங்கிருந்து குன்னூர் போய்த் திரும்புகிற வண்டி சுமார் 1,400 மீட்டர் உயரம் ஏறி இறங்குகிறது. ஏற்றத்துக்குத்தான் எல்லாரும் அஞ்சுகிறார்கள். ஏற்றத்தில் வலு போதாவிட்டால் வண்டி நின்றுவிடும்; இறக்கத்தில் வலு போதாவிட்டால் நிற்காது. சமவெளியில் அடக்கமாகப் பின்னால் வந்த சுமை, இறக்கத்தில் முன்னாலிருக்கும் வண்டியைத் தள்ளத் தொடங்கும்.

எவ்வளவு தள்ளும்? இருபது டன் வண்டி குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 76 யூனிட் மின்சாரம். அதில் ஒரு குதிரைத்திறன் மோட்டார் பூட்டிய விசைத்தறி மூன்று நாளுக்கு மேல் இரவுபகலாக ஓடலாம். காற்றும் டயரும் கொஞ்சம் தின்றுவிடும். மீதி முழுவதையும் ஒரு மணி நேரத்துக்குள் யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அத்தனையும் டிரம்மில் சூடாக இறங்கும். சூட்டில் டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகும், லைனிங்கும் பிடிப்பை இழக்கும். காராக இருந்தால் பிரேக் ஆயிலே கொதித்துக் குமிழி கட்டும். மிதித்த கால் வெறுமனே உள்ளே போகும்.

அதனால்தான் மலைச்சாலையில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்கள். கியர் குறைந்திருந்தால் சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்ற வேண்டும். அந்த உழைப்பு எஞ்சினுக்குள் கரைந்து புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் சூடாக வெளியேறும். லாரிகளில் புகை போகும் வழியை அடைத்துப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் உண்டு. ஆனால் கியரை இறக்கம் தொடங்குமுன்பே மாற்றிவிட வேண்டும். வேகம் பிடித்தபின் சின்ன கியர் விழாது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது உயிரை அடகு வைப்பது.

பின்னால் டிரெய்லர் கோத்திருந்தால் இன்னொரு ஆபத்து. முன்வண்டி மட்டும் சடாரென்று பிரேக் பிடித்து அதன் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால், அவை பக்கவாட்டுப் பிடிப்பை இழக்கும். டிரெய்லர் தள்ள, இரண்டும் இணைப்பில் மடிந்துவிடும். ஆகவே டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும், அது முன்வண்டியோடு சேர்ந்தே பிடிக்கவும் வேண்டும். பெரிய டிரெய்லர்களில் இரண்டு காற்றுக்குழாய்கள் போவது இதற்காகத்தான். இணைப்பு அறுந்தால் ஒன்றில் அழுத்தம் விழும்; விழுந்ததும் டிரெய்லர் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு எளிய, இவ்வளவு நல்ல ஏற்பாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. பிரேக்கே இல்லாத டிராக்டர் டிரெய்லரை ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்கு ஓட்டவே கூடாது.

காருக்குப் பின்னால் கேரவன் கோப்பவர்கள் பாரத்தை அச்சுக்குச் சற்று முன்னால் அடுக்க வேண்டும். வால்பக்கம் கனத்தால் வேகம் கூடும்போது கேரவன் பாம்பாக நெளியும். அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிச் சமாளிக்கப் பார்த்தால் நெளிவு கூடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகம் தானே குறைய விட வேண்டும். கொண்டை ஊசி வளைவிலோ பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அகலமாகச் சுற்றித்தான் திரும்ப முடியும்.

இதே மலையில் நீராவி ரயில் போட்டவர்கள் சிக்கலை வேரிலேயே வெட்டினார்கள். 1899-இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய நீலகிரி மலை ரயிலில், பல்சக்கரம் பிடித்து ஏறும் கல்லாறு–குன்னூர் பகுதியில், எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே இருக்கும். ஏறும்போது பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். அது போதாதென்று ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்காரர் நிற்கிறார். ஒவ்வொரு சுமைக்கும் அதனதன் பிரேக் வேண்டும் என்ற கணக்குதான் அங்கேயும்.