கருவுறுமுன் பார்க்கவேண்டிய தொடக்க இருப்பு

சங்கங்களின் கணக்கைப் பரிசீலிக்கச் செல்லுமிடத்து நாம் முதன்முதலில் நோக்குவது தொடக்க இருப்பையே. ஆரம்பத்தில் நேர்ந்த பிழை ஆண்டு முழுவதும் தொடர்ந்து வரும் என்பதை அங்கத்தினர்கள் நன்கு அறிவார்கள். தாய்மைப்பேற்றிற்கும் இவ்வுண்மை பொருந்தும் என்பதை அண்மையில் சங்கரன்கோவிலில் உணர்ந்தோம்.

நெசவாளர் சங்கமொன்றில் நாம் அலுவலாயிருந்தபோது, இளம் அங்கத்தினர் ஒருவர் அவசரக் கடன் கேட்டு வந்தார். ஏழாவது மாதம் நடக்கும் அவருடைய மனைவிக்கு இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பதாக மருத்துவமனையில் கூறினார்களாம். “வீட்டில் இனிப்பே அதிகம் செய்வதில்லை, ஐயா. இது எப்படி வந்தது?” என்று கலங்கினார். திருமணத்தின்போது அவ்வம்மையாரின் எடை என்னவென்று வினவினோம். பாவு நூலின் எடையைக் கிராம் பிசகாமல் சொல்லவல்ல அவர், விடை தெரியாது நின்றார்.

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியில் சுரக்கும் சில பொருள்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. கணையம் அதிகமாகச் சுரந்து அதனை ஈடு செய்யும். ஆனால் கொழுப்பு மிகுந்த தேகத்தில் கணையம் முன்னரே கூடுதலாக உழைத்துக்கொண்டிருக்கிறது. கர்ப்பத்தின் சுமையும் சேருங்கால் அது தளர்ந்துவிடுகிறது, சர்க்கரை ஏறுகிறது. அளவான எடையுள்ளவரைக் காட்டிலும் எடை மிகுந்தவருக்கு இவ்வபாயம் ஏறத்தாழ இருமடங்கு; பருமன் உடையவருக்கு மூன்று மடங்கு அல்லது அதற்கும் மேல் என ஆராய்ச்சிகள் கூறுகின்றன. வயதும், பெற்றோரின் நீரிழிவும் காரணங்களே. எனினும் அவற்றை நம்மால் மாற்ற இயலாது. எடையை மாற்றலாம்.

இஃது அயல்நாட்டு விஷயமன்று. டாக்டர் வீ. சேஷையா குழுவினர் தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சோதித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், நகரங்களில் நூற்றுக்கு 17.8 பேருக்கும், சிற்றூர் சார்ந்த நகர்ப்புறங்களில் 13.8 பேருக்கும், கிராமங்களில் 9.9 பேருக்கும் கர்ப்பகால நீரிழிவு காணப்பட்டது.

அளவான எடை எது? 150 செ.மீ. உயரமுள்ள நம் நாட்டுப் பெண்ணுக்கு 52 கிலோவுக்கு மேற்பட்டால் எடை மிகுதி. 56 கிலோவைக் கடந்தால் பருமன். 42 கிலோவுக்குக் குறைந்தாலும் நன்றன்று. பிள்ளை எடை குறைந்து பிறக்கக்கூடும். ஆகவே மெலிவதே நோக்கமென்று எவரும் கொள்ளலாகாது.

எடையைக் குறைக்கவேண்டிய காலம் கருவுறுமுன்னரே. கருவுற்ற பின்னர் பட்டினி கிடப்பது தீங்கு. சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்து, பருப்பும் கீரையும் காய்கறியும் கூட்டுக. நாள்தோறும் அரைமணி நேரம் நடக்க. விசைத்தறி முன் நின்றிருப்பதோ, அமர்ந்து பூத்தொடுப்பதோ நடைக்கு ஈடாகாது. அடுப்பில் ஏறும் பானை ஒன்றுதான். ஆதலின் கணவரும் மாமியாரும் உடன் மாறினாலன்றி மருமகள் மட்டும் மாற இயலாது. ‘இரண்டு உயிர், இரட்டைச் சாப்பாடு’ என்று வற்புறுத்துவதையும் விட்டொழிக்க வேண்டும்.

மெலிந்தவர்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. ஆதலால் சோதனை எல்லோருக்கும் உரியது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைப் பருகி, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைப் பார்ப்பார்கள். வெறும் வயிறாக இருக்கவேண்டுமென்பதில்லை. அளவு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பின் சிகிச்சை தொடங்கும். முதல் வருகையில் ஒருமுறை பார்க்க வேண்டும். அப்போது குறையில்லாதிருப்பினும் 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுமுறை பார்க்க வேண்டும். கவனியாது விட்டால் குழந்தை அளவுக்கு மீறிப் பருத்துப் பிரசவம் கடினமாகலாம். பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை திடீரெனத் தாழலாம்.

நமது அங்கத்தினரின் மனைவி உணவுக் கட்டுப்பாட்டாலும் இன்சுலினாலும் நலமாகப் பிரசவித்தார். ஆயினும் கணக்கு அத்துடன் முடியவில்லை. இத்தகைய தாய்மாருக்குப் பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு ஏனையோரினும் பன்மடங்கு. பிரசவமான ஆறாவது வாரத்தில் மறுசோதனை அவசியம். அது தெரியாதிருந்த அவரிடம் தேதியைக் குறித்துக் கொடுத்தோம்.

சங்கந்தோறும் நூல் நிறுக்கத் தராசு உண்டு. ஆள் நிறுக்கும் தராசொன்றும், சுவரில் உயரம் அளக்கும் கோடொன்றும் சேர்ப்பது பெருஞ்செலவன்று. அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனைத் தீர்மானமாகக் கொண்டு வருவார்களாக. புதுமணத் தம்பதிகள் இருவருமே அதில் ஏறி நிற்பார்களாக.