தட்டில் ஒரு தாயகம்

பிறந்த மண்ணை விட்டு வேற்றிடத்தில் வாழ்வோர் தம் மரபைப் பல வழிகளில் போற்றுகின்றனர். மொழி, இசை, விழா ஆகியவற்றைப் போல உணவும் அதற்கு ஒரு வழியாகும். அமெரிக்காவில் குடியேறிய கொலம்பிய மக்கள் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

கொலம்பியா, தென் அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள நாடு. அதன் வடக்கே கரீபியக் கடலும் மேற்கே பசிபிக் பெருங்கடலும் உள்ளன. ஆண்டிஸ் மலைத்தொடர் அந்நாட்டில் மூன்று கிளைகளாகப் பிரிந்து செல்கிறது. ஆதலால் உணவும் இடத்திற்கு இடம் மாறுபடுகிறது. கரீபியக் கரையில் தேங்காய்ப்பால் சேர்த்த சோற்றையும் மீனையும் விரும்பி உண்பர். மலைநாட்டில் உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் மிகுதி.

நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் ஜாக்சன் ஹைட்ஸ் என்னும் இடம் உள்ளது. அங்கே இந்திய மளிகைக் கடைகளும் கொலம்பிய உணவகங்களும் அருகருகே இருக்கின்றன. பிறந்தநாள், அன்னையர் நாள், கொலம்பியாவின் விடுதலை நாளாகிய சூலை 20 போன்ற நாள்களில் தாத்தா, பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை ஒன்றுகூடி இத்தகைய உணவகங்களில் உண்பது வழக்கம்.

அவர்கள் விரும்பும் உணவுகளுள் ஒன்று அஹியாக்கோ. இது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில் உள்ள தலைநகர் பொகோட்டாவின் கோழிச் சாறு. இதில் மூவகை உருளைக்கிழங்குகள் இடப்படும். சிறிய மஞ்சள் கிழங்கு வெந்து கரைந்து சாற்றைக் கெட்டியாக்கும். வேறொரு வகை கரையாது துண்டாகவே நிற்கும். குவாஸ்கா என்னும் கீரை இதற்குத் தனி மணம் தரும்.

மற்றோர் உணவு பண்டேஹா பைசா. இங்குப் ‘பைசா’ என்பது நாணயம் அன்று. அந்தியோக்கியா மலைப்பகுதி மக்களின் பெயர். ‘பண்டேஹா’ என்றால் தாம்பாளம். அகன்ற அத்தட்டில் சிவப்புப் பயறு, சோறு, இறைச்சி, பொரித்த முட்டை, பழுத்த வாழைக்காய் வறுவல், வெண்ணெய்ப்பழம், அரேப்பா என்னும் மக்காச்சோள அடை ஆகியவை நிறைந்திருக்கும்.

இத்தட்டில் ஒரு நாட்டின் வரலாறே அடங்கியுள்ளது. பயறும் மக்காச்சோளமும் வெண்ணெய்ப்பழமும் அக்கண்டத்துப் பழங்குடி மக்கள் விளைவித்தவை. அரிசியும் மாடும் பன்றியும் ஸ்பானியர் வருகையால் வந்தவை. வாழையோ ஆசியாவில் தோன்றிக் கடல் கடந்து சென்றது. வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த பொருள்கள் காலப்போக்கில் ஒரே மக்களின் மரபுணவாயின. தமிழர் உணவும் இவ்வாறே வளர்ந்தது. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தியாவுக்கு வந்தவை. மிளகின் காரத்தை அறிந்திருந்த தமிழர், புதிதாக வந்த காய்க்கு ‘மிளகாய்’ எனப் பெயரிட்டுத் தமதாக்கிக் கொண்டனர்.

வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகளுள் சிலருக்கு ஸ்பானிய மொழி சரளமாக வருவதில்லை. ஆயினும் உணவகத்தில் ‘அரேப்பா’ என்றே கேட்கின்றனர். ‘இட்டலி’க்கு வேறு மொழியில் பெயர் தேடாதது போன்றதே இது. முழு மொழியும் கைவராத பிள்ளையின் நாவிலும் தாய்மொழிச் சொற்கள் சில இவ்வாறு தங்கிவிடுகின்றன.

எனினும், உணவகத்தால் சுவையை மட்டுமே தர இயலும். அந்த அடையைப் பாட்டி எந்த அடுப்பில் சுட்டார், அவர் ஊர் எங்கே உள்ளது, குடும்பம் ஏன் ஊரை விட்டுப் புறப்பட்டது என்பவற்றை வீட்டுப் பெரியோரே சொல்ல இயலும். பிள்ளைகள் கேட்க, பெரியோர் சொல்ல, அவ்வுணவு விழாவாகிறது. கேட்பார் இல்லையெனில் சுவை எஞ்சும், கதை மறையும். ஆகவே மரபைக் காக்கும் பணியில் சமைப்பவருக்கு உள்ள பங்கு, கேட்கும் பிள்ளைக்கும் உண்டு.

பயிற்சி

1. அஹியாக்கோவில் உருளைக்கிழங்கு வகைகள் எவ்வாறு பயன்படுகின்றன?
2. பண்டேஹா பைசா ஒரு நாட்டின் வரலாற்றைக் காட்டுவது எங்ஙனம்?
3. உங்கள் வீட்டில் விழா நாளில் சமைக்கப்படும் ஓர் உணவைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.