மலையில்லா நாட்டில் மலைவண்டி

மலையில்லாத யாழ்ப்பாணத்தில் மலைவண்டி எதற்கு என வினவுவோர் உளர். வினா நியாயமானதே. கீரிமலை என்னும் ஊர்ப்பெயரில் அன்றி வேறெங்கும் நம் குடாநாட்டில் மலை கிடையாது. சுண்ணக்கல்லின் மேல் அமைந்த தாழ்ந்த சமதளம் இது. ஆயினும், ‘மௌன்ரன் பைக்’ என இளைஞர் வழங்கும் தடித்த ரயர் வண்டிகள் இன்று ஒழுங்கைகள் தோறும் ஓடுகின்றன. அவற்றுட் பல, ரியூசன் வகுப்புக்குச் சென்று மீள்வதோடு தம் பிறவிப் பயனை முடித்துக்கொள்கின்றன. அவ்வண்டிகள் எங்கே செல்லத் தக்கவை, எப்பருவத்தில் எத்திசை நோக்கிச் செல்லல் வேண்டும் என்பவற்றை மாணவர்க்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன். பழைய மாணவர் சிலர்க்கு இக்கட்டுரை தாம் மிதித்த பாதைகளை நினைவூட்டுமாயின் அதுவும் நன்றே.

இவ்வண்டி பிறந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலம். அங்கு, 1970களில், மரின் பகுதி இளைஞர் பழைய தடித்த ரயர் வண்டிகளைத் தமல்பாயிஸ் மலைச் சாரலில் உருட்டி விளையாடினர். 1977 இல் ஜோ பிறீஸ் என்பார் அவ்விளையாட்டுக்கென்றே புதிய வண்டியொன்றை அமைத்தார். 1996 இல் அத்லாந்தா ஒலிம்பிக்கிலும் மலைவண்டிப் போட்டி இடம்பெற்றது. மலையிலிருந்து இறங்குதற்கு அமைந்த வண்டி நம் மணலுக்கும் கலட்டிக்கும் பொருந்தியமை வியப்பே.

நம் நாட்டில் ஏற்றம் இல்லை என்பதும் முழு உண்மையன்று. காற்றே இங்கு ஏற்றம். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் ஒருவர், அதே வேகத்தில் எதிர்த்து வீசும் காற்றிற் புகுவாராயின், அவர் உடலில் மோதும் காற்றின் வேகம் 30 கிலோமீற்றர் ஆகும். வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோகிராம் எனக் கொண்டு யான் கணக்கிட்டுப் பார்த்தேன். நூறு அடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி உயரும் சாய்வில் ஏறுவதற்கு ஒப்பான உழைப்பு அது. அக்காற்றில் பத்துக் கிலோமீற்றர் சென்றவர், 200 மீற்றர் உயரமான குன்றில் ஏறியவராவர். அதே காற்று முதுகில் வீசினாலோ தடை அறவே இல்லையாகும். வண்டி தானே ஓடுவது போலத் தோன்றும்.

ஆதலின் பாதையைத் தெரிவதற்கு முன் பருவத்தைத் தெரிதல் வேண்டும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும். விடியற் பொழுதில் காற்றுத் தணிந்திருக்கும். வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். எனவே, கால்கள் களைக்கு முன் காலையில் எதிர்காற்றிற் சென்று, பிற்பகலில் காற்று முதுகைத் தள்ள வீடு திரும்புதலே முறை. பட்டினத்தில் வாழ்வோர்க்கு இதன் பொருள் எளிது: சோளகத்தில் தீவுப்பகுதிக்குச் செல்க, வாடையில் வடமராட்சிக்குச் செல்க. இதை மாற்றிச் செய்தவர்கள் அந்தி வேளையில் வண்டியை உருட்டிக்கொண்டு நடந்து வந்ததை நான் கண்டதுண்டு. அவர்களுள் நானும் ஒருவன்.

தீவுப் பாதையைச் சுருக்கமாகவே கூறலாம். பண்ணைத் தாம்போதியைக் கடந்து, அல்லைப்பிட்டி வழியாக வேலணை சேர்ந்து, அங்கிருந்து நீண்ட கடற்பாலத்தால் புங்குடுதீவை அடைந்து, குறிகட்டுவான் துறையில் நிற்கலாம். இருபுறமும் ஆழமில்லாக் கடல். ஒதுங்குதற்கு நிழல் இல்லை. தீவுகளில் நன்னீர் அரிது. நீர்ப் போத்தலைப் பட்டினத்திலேயே நிரப்பிக்கொள்ளுதல் வேண்டும். நயினாதீவும் நெடுந்தீவும் செல்வோர் துறையிற் படகேறுவர். நெடுந்தீவின் கல்மதில்களையும் கட்டாக்காலிக் குதிரைகளையும் காண்பதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குதல் நன்று.

வடமராட்சிப் பாதை அத்தகையதன்று. அதனுள் நான்கு வகை நிலங்கள் உள. கோப்பாய், நீர்வேலி, புத்தூர் வரை செம்மண் தோட்டங்கள். வாழையும் புகையிலையும் வெங்காயமும் பருவத்துக்கேற்ப இருமருங்கும் நிற்கும். புத்தூருக்கு அண்மையில் நிலாவரைக் கிணறு உண்டு. அதன் மேல்நீர் நன்னீர், ஆழத்து நீர் உவர்நீர். சுண்ணக்கல்லினுள் கடல்நீர் கீழும், மழைநீர் அதன்மேலும் நிற்கும் நம் நாட்டின் நீரமைப்பு முழுவதையும் அக்கிணறு ஒன்றே காட்டிவிடும். அதன்பின் வல்லை வெளி. மரமில்லாத தரவையும் கடல்நீரேரியும் பாலமும் கொண்ட இவ்வெளியிலே, வாடை பக்கவாட்டிலும் முகத்திலும் மாறிமாறி அறையும். இங்கே வேகத்தை நாடாமல் தாழ்ந்த கியரில் ஒரே சீராக மிதித்தல் வேண்டும். மாரி உச்சத்தில் வெளி முழுவதும் வெள்ளம் நிற்பதுண்டாதலால், மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களே தக்கவை.

நெல்லியடியும் பருத்தித்துறையும் கடந்து வல்லிபுரம் சேர்ந்தால், மலைவண்டிக்குரிய நிலம் தொடங்குகின்றது. ஆழ்வார் கோயிலுக்கும் கடலுக்கும் இடையே மணல். புரட்டாதித் திருவிழாவிற் கடல் தீர்த்தத்துக்கு அடியார் நடந்து செல்லும் மணல் அது. மேலும் தெற்கே மணற்காடு. பனையளவு மணல்மேடுகளும், சவுக்கந் தோப்பும், மணலிற் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்களும் அங்குள. மாணவப் பருவத்தில் என் தந்தையாரின் பழைய றலி வண்டியோடு இம்மணலிற் புகுந்து, பத்து யாரும் செல்லாமல் விழுந்தேன். அப்பொழுது என் வலிமையையே குறை கூறினேன். உண்மையில் குறை ரயரில் இருந்தது.

அதனை விளக்குவேன். பின்சக்கரத்தின் மேல் 110 இறாத்தல் பாரம் இருப்பதாகவும், ரயரில் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அழுத்தம் இருப்பதாகவும் கொள்வோம். பாரத்தை அழுத்தத்தால் வகுத்தால், ரயர் நிலத்தைத் தொடும் பரப்பு இரண்டு சதுர அங்குலத்துக்கும் குறைவு. அச்சிறு பரப்பு மணலைக் கத்திபோல வெட்டிப் புதையும். காற்றைத் திறந்துவிட்டு 20 இறாத்தலாகக் குறைத்தால், தொடும் பரப்பு ஐந்தரைச் சதுர அங்குலமாகும். சக்கரம் மணலின்மேல் மிதந்து செல்லும். ஒன்றரை அங்குல ரயரில் இவ்வளவு காற்றைக் குறைத்தால் விளிம்பு நிலத்தில் இடித்து ரியூப் வெடிக்கும். இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட மலைவண்டி ரயரோ அதனைத் தாங்கும். கியரும் துணை செய்யும். மிதியை ஒருமுறை சுற்றினால் சாதாரண வண்டியின் பின்சக்கரம் இரண்டு முறைக்கு மேற் சுழலும். மலைவண்டியின் மிகத் தாழ்ந்த கியரில் ஏறத்தாழ ஒருமுறையே சுழலும். மணலில் முன் பிறேக்கைப் பிடித்தலும் திடீரெனத் திருப்புதலும் ஆகா. அலை நனைத்துச் சென்ற ஈரமணல் இறுகியிருக்கும். அதன் மேலே செல்வது எளிது. தார் வீதிக்கு மீண்டதும் காற்றடித்தல் வேண்டுமாதலால், பம்பை மறந்து வீட்டில் விட்டுவிடலாகாது.

மணல்மேடுகளின் மேல் ஏறி விளையாடுதலை மட்டும் தவிர்க்குமாறு வேண்டுகின்றேன். மேட்டைப் பிடித்து வைத்திருப்பன அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் ஆகும். சக்கரம் அவற்றை அறுத்தால் காற்று மேட்டை அள்ளிச்செல்லும். உழவு இயந்திரங்களில் மணல் அள்ளுவோர் செய்யும் அழிவுக்கு முன் நம் சக்கரங்கள் செய்வது சிறிதெனலாம். எனினும் நம் பங்கு அதில் வேண்டாம்.

மணற்காட்டுக்குத் தெற்கே குடத்தனை, அம்பன், நாகர்கோவில், செம்பியன்பற்று, மருதங்கேணி, உடுத்துறை என நெய்தல் ஊர்கள் தொடர்கின்றன. ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் கடல்நீரேரி. 2004 மார்கழியில் ஆழிப்பேரலை இவ்வூர்களைப் பெரிதும் அழித்தது. அதற்கு முன்னும் பின்னும் போர். நாகர்கோவிலிலிருந்து முகமாலை, கிளாலி வரை இரு படைகளின் முன்னரங்குகள் எதிரெதிரே நின்றன. அந்நிலத்தில் விதைக்கப்பட்ட கண்ணிவெடிகளை அகற்றும் பணி 2009 இன் பின் ஆண்டுக்கணக்காக நடந்தது. மாணவர்க்கு இதனை அழுத்திக் கூறுகின்றேன்: இப்பகுதியில் ஊரவர் நாளும் செல்லும் வீதியன்றி வேறு தடம் வேண்டா. குறுக்குப் பாதை அழகாகத் தோன்றினும், பற்றையினுள் சக்கரத்தைச் செலுத்தற்க. மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் வந்த வழியே திரும்புக. மலைவண்டி எங்கும் செல்லும் என்னும் செருக்கு இங்கே உயிரைக் கேட்கும்.

மருதங்கேணியிலிருந்து புதுக்காட்டுச் சந்தியூடாகக் கண்டி வீதியை அடைந்து, பளை, கொடிகாமம், சாவகச்சேரி வழியாகப் பட்டினம் மீளலாம். வாடை இப்பொழுது முதுகுப் பக்கம். இவ்வீதி பழைய மாணவர் பலர்க்குப் புதியதன்று. 1990 இன் பின் எரிபொருள் தடைப்பட்ட காலத்தில் விறகும் நெல்லும் நோயாளரும் துவிச்சக்கர வண்டியிலேயே சென்றனர்; 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமமே தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, ஒரு குடும்பத்தின் உடைமை முழுவதும் ஒரு வண்டியின் கரியரில் அடங்கிற்று. அவ்வண்டிகளுக்குக் கியர் இல்லை. அன்று காற்று எத்திசையில் வீசியதென்று எவரும் நோக்கவுமில்லை.

வீடு சேர்ந்ததும் குளிப்பதற்கு முன் வண்டியைக் குளிப்பாட்டுக. உப்பு ஓர் இரவிற் சங்கிலியைப் பழுப்பாக்கிவிடும். வாளி நன்னீரை மெல்ல ஊற்றிக் கழுவி, பழந்துணியால் துடைத்து, உலர்ந்தபின் சங்கிலிக்கு மட்டும் எண்ணெய் இடுக. ரயரில் நெருஞ்சி முள் ஏறியுள்ளதா என்று விரலால் தடவிப் பார்த்தலும் நன்று. காலையிற் பாடசாலைக்குப் புறப்படும் வேளையிலேதான் அது தன் இருப்பைத் தெரிவிக்கும்.