அழகுக்காகக் கொட்டும் மணல் ஆபத்தாகலாம்! பியர்டட் டிராகன் வளர்ப்போர் கவனத்துக்கு...

நாய், பூனை, லவ் பேர்ட்ஸ், மீன் தொட்டி... வீட்டுச் செல்லங்களின் பட்டியலில் இப்போது பல்லி இனமும் சேர்ந்துவிட்டது. குழந்தையின் தோளில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும், கீரையை நீட்டினால் நாக்கால் வாங்கிக்கொள்ளும், கோபம் வந்தால் தாடியைக் கறுப்பாக்கி உப்பிக் காட்டும் பியர்டட் டிராகனை ரீல்ஸில் பார்க்காதவர்கள் குறைவு. லண்டனிலும் டொரான்டோவிலும் இருக்கும் நம் உறவினர் வீட்டுப் பிள்ளைகள் 'பியர்டி' என்று கொஞ்சுவதும் இதைத்தான். நம் ஊர்ப் பெருநகரங்களிலும் இதை வாங்கி வளர்க்க ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள்.

ஆசை சரி. ஆனால், வாங்கிய சில மாதங்களிலேயே இந்த உயிர் துவண்டுபோவதற்குப் பெரும்பாலும் வீட்டிலேயே காரணம் இருக்கும். ஒன்று, தொட்டியின் தரை. இன்னொன்று, தட்டில் வைக்கும் சாப்பாடு. இரண்டையும் சரிசெய்யப் பெரிய செலவு ஆகாது. விவரம் தெரிந்தால் போதும்.

யார் இந்த டிராகன்?

இதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலப்பகுதி. அறிவியல் பெயர் போகோனா விட்டிசெப்ஸ். நம் வேலியோரத்தில் தலையாட்டும் ஓணானும் இதுவும் அகாமிடே என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒருவகையில், ஓணானுக்குத் தூரத்துச் சொந்தம்!

நன்கு வளர்ந்த பியர்டட் டிராகன் வாலோடு சேர்த்து 45 முதல் 60 செ.மீ. நீளம் இருக்கும். சரியாகப் பராமரித்தால் 10 ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழும். 4-ம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், அது கல்லூரிக்குப் போன பிறகும் வீட்டில் யாராவது கீரை நறுக்கிக்கொண்டிருக்க வேண்டும். இதை யோசித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

பாலைவனப் பல்லிக்கு மணல்தானே சரி?

கடைகளில் பல்லி படம் போட்ட மணல் பாக்கெட்டைப் பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றுவது இதுதான். ஆனால், இவை வாழும் இடத்தில் பெரும்பாலும் இறுகிய மண்ணும் கல்லும் மரக்கட்டையும்தான் இருக்கும். கால் புதையும் கடற்கரை மணல் போன்ற தரை அல்ல அது.

பியர்டட் டிராகன் நாக்கை நீட்டி இரையை ஒற்றி எடுக்கும். சுற்றுப்புறத்தை அறியவும் தரையை நக்கிப் பார்க்கும். தரை உதிரியாக இருந்தால் ஒவ்வொரு கவளத்தோடும் கொஞ்சம் மணலும் உள்ளே போகும். அது குடலில் சேர்ந்து இறுகினால் மலம் வெளியேறாமல் அடைத்துக்கொள்ளும். முற்றினால் அறுவை சிகிச்சை வரை போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். குட்டிகளுக்குக் குடல் குறுகலானது என்பதால் ஆபத்தும் அதிகம்.

'கால்சியம் சாண்ட்' என்று விற்பதைத் தின்றாலும் சத்துதானே என்று நினைக்காதீர்கள். ஈரம் பட்டால் கட்டி தட்டும் தன்மை அதற்கு உண்டு. அதில் கால்சியம் இருப்பதால் பல்லி இன்னும் ஆர்வமாக நக்கவும் வாய்ப்பிருக்கிறது. உடைத்த வால்நட் ஓட்டுத் துகள் அதைவிட மோசம். செரிக்காது, முனைகளும் கூர்மையானவை.

ஆனால், எல்லாப் பழியையும் மணல் மேல் மட்டும் போட முடியாது. உடலில் போதிய சூடு ஏறாதது, நீர்ச்சத்துக் குறைவு, குடல் புழுக்கள், கால்சியம் குறைபாடு ஆகியவையும் செரிமானத்தை முடக்கும். அப்படிப் பலவீனமான குடலில்தான் மணல் எளிதாகத் தங்குகிறது. அனுபவமுள்ள சிலர், ஆரோக்கியமான வளர்ந்த டிராகனுக்கு மண்ணும் மணலும் கலந்து இறுக்கிய தரை அமைக்கிறார்கள். முதன்முதலில் வளர்ப்பவர்களுக்கும் குட்டி வைத்திருப்பவர்களுக்கும் அது வேண்டாம்.

எந்தத் தரை நல்லது?

செய்தித்தாள், கிச்சன் டிஷ்யூ: குட்டிகளுக்கும் நோயிலிருந்து தேறும் டிராகனுக்கும் முதல் தேர்வு இதுதான். அழுக்கானால் சுருட்டிப் போட்டுவிடலாம். மலம் எப்படி இருக்கிறது என்று தினமும் பார்க்கவும் வசதி.

டைல்ஸ்: வளர்ந்த டிராகனுக்கு ஏற்றது. வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸே போதும். பளபளப்பானது வழுக்கும். பாத்ரூமுக்குப் போடும் சொரசொரப்பான வகையாக இருக்கட்டும். விளக்கின் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நகத்தையும் தேய்த்துக் கொடுக்கும். மெருகேற்றாத கடப்பாக்கல் பலகையும் போடலாம்.

ரெப்டைல் கார்பெட்: பார்க்க அழகு. ஆனால், நூலில் நகம் மாட்டி விரல் காயப்படலாம், கிருமியும் தங்கும். போட்டால் இரண்டு துண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் துவைத்துக் காயவைக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை: உதிரி மணல், கால்சியம் சாண்ட், வால்நட் ஓடு, மரத்தூள், சிறு கூழாங்கல். தேங்காய் நார்த்தூள் ஈரத்தைப் பிடித்து வைக்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் காற்றே ஈரமானது. வறண்ட நிலத்துப் பிராணிக்குத் தொடர்ந்து ஈரம் இருந்தால் சளித் தொற்றும் தோல் பூஞ்சையும் வரலாம்.

தொட்டியைக் கழுவ பினாயில் வேண்டாம். அதிலுள்ள வேதிப்பொருள்கள் ஊர்வனவற்றுக்கு நஞ்சு. சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக அலசி, முழுவதும் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள்.

சூடு இல்லாவிட்டால் சோறு செரிக்காது

சாப்பாட்டுக்குப் போகும் முன் விளக்கைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஊர்வன தம் உடம்புச் சூட்டை வெளியிலிருந்துதான் பெறுகின்றன. தொட்டியின் ஒரு பக்கம், விளக்குக்குக் கீழே குளிர்காயும் இடத்தில் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். மறுபக்கம் 24 முதல் 28 டிகிரி இருந்தால், சூடு போதும் என்று தோன்றும்போது அது நகர்ந்துகொள்ளும். வளர்ந்த டிராகனுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலத் தொட்டி தேவைப்படுவது இதனால்தான்.

நம் ஊர்க் கோடையில் சிக்கல் தலைகீழ். அறையே 35 டிகிரியைத் தாண்டும்போது ஒதுங்க நிழலான, குளிர்ந்த இடம் இல்லாவிட்டால் வெப்பத்தாக்கு வந்துவிடும். இரண்டு பக்கத்திலும் வெப்பமானி வைப்பது அவசியம். சூடேறும் கல் என்று விற்கப்படுவதை வாங்காதீர்கள். வயிறு வெந்துபோகும் வரை அதன் மேலேயே படுத்திருக்கும் டிராகன்களும் உண்டு.

கூடவே யு.வி.பி விளக்கும் வேண்டும். அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும், தின்ற கால்சியம் எலும்பில் சேரும். 'ஜன்னல் ஓரம் வெயில் வருதே' என்றால், கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் கதிரின் வீரியம் நாளடைவில் குறையும். தயாரிப்பாளர் சொல்லும் காலக்கெடுவில், பொதுவாக 6 முதல் 12 மாதங்களுக்குள், மாற்றிவிட வேண்டும். மொட்டைமாடி இளவெயிலில் கொஞ்ச நேரம் விடுவது நல்லது. நிழலும் இருக்கட்டும், காக்கையும் பூனையும் நெருங்காமல் நீங்களும் பக்கத்திலேயே இருங்கள்.

குட்டிக்குப் பூச்சி, பெரியவருக்குக் கீரை

வளரும் குட்டிக்குப் புரதம் அதிகம் தேவை. அதன் சாப்பாட்டில் முக்கால் பங்கு பூச்சியும் கால் பங்கு கீரை, காயும் இருக்கலாம். ஒரு வயதைத் தாண்டினால் கணக்கு தலைகீழாகும். தினமும் கீரை, காய். பூச்சி வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை போதும். 'ஆசையாகச் சாப்பிடுகிறதே' என்று வளர்ந்த பிறகும் தினமும் புழுவாகப் போட்டால் உடல் பருத்து, கல்லீரலில் கொழுப்பு சேரும்.

பூச்சி கொடுக்கும்போது மறக்கக் கூடாதவை:

* இரண்டு கண்களுக்கு இடையே உள்ள அகலத்தைவிடப் பூச்சி பெரிதாக இருக்கக் கூடாது.

* கடைகளில் கிரிக்கெட் என்று சொல்லப்படும் சுவர்க்கோழி, பிளாக் சோல்ஜர் ஃப்ளை புழு போன்ற வளர்ப்புப் பூச்சிகளையே கொடுங்கள். கொடுப்பதற்கு முந்தைய நாள் அந்தப் பூச்சிகளுக்கு நல்ல கீரை, காரட் போடுங்கள். அவற்றின் வயிற்றில் இருக்கும் சத்துதான் டிராகனுக்குப் போகும்.

* பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் பொடியைப் பூச்சி மேல் தூவிக் கொடுக்க வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை, டி3 சேர்த்தா சேர்க்காமலா என்பதை வயதையும் விளக்கையும் பார்த்து மருத்துவர் சொல்வார்.

* தரையில் இறைக்காமல், வழவழப்பான கிண்ணத்திலோ தனி டப்பாவிலோ வைத்துக் கொடுங்கள். மீந்த சுவர்க்கோழிகளை இரவில் உள்ளே விடாதீர்கள். தூங்கும் டிராகனை அவை கடிக்கும்.

* விளக்கு போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து முதல் சாப்பாடு. அணைப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே கடைசிச் சாப்பாடு.

வீட்டுக் கரப்பானையும் தோட்டத்து வெட்டுக்கிளியையும் பிடித்துப் போடுவது ஆபத்து. ஸ்ப்ரே, பூச்சிமருந்து, ஒட்டுண்ணி எதுவும் அதோடு சேர்ந்து வரலாம். மின்மினிப் பூச்சி கூடவே கூடாது. அதைத் தின்ற பியர்டட் டிராகன்கள் இறந்தது 1999-ல் ஆய்விதழில் பதிவாகியிருக்கிறது. ஒரே ஒரு பூச்சி போதும், உயிர் போய்விடும்.

நம் சமையலறையில் எது ஓகே?

கடுகுக்கீரை, செம்பருத்திப் பூவும் இலையும், மல்பெரி இலை, மஞ்சள் பூசணி, பீன்ஸ், குடைமிளகாய், துருவிய காரட் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். கால்சியம் நிறைந்த முருங்கைக்கீரையை மற்றவற்றோடு கொஞ்சம் கலக்கலாம். எல்லாவற்றையும் நன்றாகக் கழுவி, பொடியாக நறுக்கி, பச்சையாகவே வைக்க வேண்டும்.

பாலக், தண்டுக்கீரை, அரைக்கீரை நமக்கு நல்லவை. ஆனால், அவற்றில் ஆக்ஸலேட் அதிகம். கால்சியத்தைப் பிடித்துவைத்து உடலில் சேரவிடாது. எனவே, தினசரி உணவாக வேண்டாம். பழம் எப்போதாவது ஒரு சிறு துண்டு. அவகேடோ நஞ்சு. வெங்காயம், பூண்டு, பால், சோறு, உப்பு-காரம் சேர்த்த எதுவும் வேண்டாம்.

இந்த அறிகுறிகள் தெரிந்தால்...

வயிறு உப்புவது, முக்கியும் மலம் வராதது, சாப்பாட்டை ஒதுக்குவது, பின்னங்கால்களை இழுத்து நடப்பது குடல் அடைப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். தாடை மெதுவாவது, கால் வளைவது, விரல்கள் துடிப்பது கால்சியம் குறைபாட்டின் அடையாளங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் மார்பளவுக்குச் சிறிது நேரம் நிற்கவைக்கலாம். அதோடு நிறுத்திவிட்டு, ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை அளித்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். 'பாட்டி வைத்தியம்' என்று விளக்கெண்ணெய்யை வாயில் ஊற்றினால், அது நுரையீரலுக்குள் போய்விடும் அபாயம் உண்டு.

குளிர்காலத்தில் சில வளர்ந்த டிராகன்கள் வாரக்கணக்கில் சாப்பிடாமல் தூங்கும். அது இயல்பு. ஆனாலும், உடல் இளைத்தால் அது தூக்கமல்ல, நோய்.

வீட்டில் குழந்தை இருக்கிறதா?

ஆரோக்கியமாகத் தெரியும் டிராகனின் மலத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். 2012 முதல் 2014 வரை அமெரிக்காவில் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் பரவிய சால்மோனெல்லா தொற்றுக்கு வளர்ப்பு பியர்டட் டிராகன்களே காரணம் என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் கண்டறிந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 5 வயதும் அதற்குக் குறைவான குழந்தைகளும்தான். 5 வயதுக்கு உட்பட்டோர், வயதானவர்கள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தோர் உள்ள வீடுகளில் ஊர்வன வேண்டாம் என்பதே அந்த மையத்தின் அறிவுரை.

மற்ற வீடுகளில்? தொட்டதும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். முத்தம் கொடுக்கக் கூடாது. சமையலறை மேடையில் விடுவதும், பாத்திரம் கழுவும் சிங்க்கில் தொட்டிச் சாமான்களைக் கழுவுவதும் கூடாது.

வாங்கும் முன் இதைக் கேளுங்கள்

தன் நாட்டு ஊர்வனவற்றை உயிருடன் வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய ஆஸ்திரேலியா அனுமதிப்பதில்லை. உலகமெங்கும் விற்பனையாவது வளர்ப்பிடங்களில் பிறந்த தலைமுறைகள். அதேநேரம், தாய்லாந்திலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் அயல்நாட்டு ஊர்வன பிடிபடுவது சென்னை விமான நிலையத்தில் அடிக்கடி நடக்கிறது. மூச்சுவிடக்கூட இடமில்லாமல் அடைத்துக் கொண்டுவரப்படும் அவற்றில் பல வழியிலேயே இறந்துவிடுகின்றன. எங்கே பிறந்தது, ரசீது உண்டா என்று விற்பவரிடம் கேளுங்கள். மழுப்பினால் நகர்ந்துவிடுங்கள். சட்டப்படி பதிவு தேவையா என்பதை வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 'அதே குடும்பம்தானே' என்று வேலியோர ஓணானைப் பிடித்து அடைப்பதும் வேண்டாம்.

பிராணியின் விலையைவிட தொட்டி, விளக்கு, பூச்சி, மின்கட்டணம், மருத்துவச் செலவு எல்லாம் சேர்ந்து அதிகமாகும். அதனால், முதலில் தொட்டியைத் தயார் செய்து, டைல்ஸ் போட்டு, விளக்கை ஏற்றி, ஒரு வாரம் வெப்பநிலையைக் குறித்துப் பாருங்கள். பக்கத்தில் ஊர்வன மருத்துவர் யார் என்று விசாரியுங்கள். இவ்வளவும் சரியாக அமைந்த பிறகு டிராகனை வீட்டுக்கு அழைத்து வரலாம். அமையவில்லையா... ரீல்ஸில் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்வதே அந்த உயிருக்கு நாம் செய்யும் நல்லது.